லண்டன் சித்தப்பாவின் உயில்: பணம் ஏன் இன்னும் வரவில்லை?

கேள்வி: லண்டனிலேயே வாழ்ந்த என் சித்தப்பா, போன வருஷம் பிப்ரவரியில் காலமானார். மனைவி, பிள்ளைகள் இல்லை. சில சில்லறைத் தொகைகள் போக, மீதிச் சொத்து முழுவதையும் எனக்கும் தங்கைக்கும் சரிபாதியாக எழுதியிருக்கிறார். அங்குள்ள சொலிசிட்டர்தான் (வழக்கறிஞர்) எக்ஸிகியூட்டர், அதாவது உயிலை நிறைவேற்றுபவர். பதினான்கு மாதம் ஆகிவிட்டது, வீடும் விற்றாகிவிட்டது. மெயில் போட்டால் ‘வேலை நடக்கிறது’ என்று ஒரு வரி வருகிறது. இழுத்தடிக்கிறார்களா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பதினான்கு மாதத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. இறந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் சொத்தைப் பிரித்துத் தர வேண்டும் என்று எக்ஸிகியூட்டரைக் கட்டாயப்படுத்த முடியாது. இங்கிலாந்தின் 1925-ஆம் ஆண்டுச் சட்டமே அந்த அவகாசத்தைத் தருகிறது. தவிர, நீங்கள் மீதிச் சொத்தின் வாரிசுகள். கடன், வரி, பிறருக்கு எழுதிய தொகை, சொலிசிட்டர் கட்டணம் எல்லாம் போனபிறகுதான் உங்கள் முறை. வரிசையில் கடைசி என்றாலும், சொத்துக் கணக்கு முழுவதையும் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

முதல் தாமதம் வரியில். சொத்து மதிப்பு 3,25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குப் பொதுவாக 40 சதவீதம் வாரிசு வரி. குடியிருந்த வீட்டுக்கென்று இன்னும் 1,75,000 பவுண்டு வரை சலுகை இருக்கிறது. ஆனால் அது பிள்ளை, பேரன், பேத்தி போன்ற நேர் வாரிசுகளுக்கு மட்டும். அண்ணன் பிள்ளைகளுக்குக் கிடையாது. பிப்ரவரியில் இறந்தவருக்கு ஆகஸ்ட் 31-க்குள் வரி கட்ட வேண்டும், அதன்பின் வட்டி ஏறும். இதில் ஒரு சிக்கல்: வரிக்கு வழி செய்யாமல் புரோபேட் (உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அனுமதி) வராது, புரோபேட் இல்லாமல் வங்கி பெரிய தொகையை விடாது. அதனால் இறந்தவர் கணக்கிலிருந்தே வரித்துறைக்கு நேராக அனுப்பச் சொல்வார்கள், வீட்டுக்குரிய வரியை 10 ஆண்டுத் தவணையாகவும் கட்டலாம். வீட்டை விற்றதும் மிச்சத் தவணை மொத்தமும் வட்டியோடு அப்போதே கட்டியாக வேண்டும்.

புரோபேட் கையில் வந்த பிறகும் காத்திருப்பு தொடரும். கடன்காரர்கள் முன்வர, லண்டன் கெஸட் என்ற அரசிதழில் விளம்பரம் கொடுத்துக் குறைந்தது 2 மாதம் விட வேண்டும். அதைவிட நீளமானது 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடு. இறந்தவரோடு இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவரோ, அவர் தயவில் இருந்தவரோ ‘எனக்கும் பங்கு வேண்டும்’ என்று வழக்குப் போட புரோபேட் நாளிலிருந்து 6 மாதம் உண்டு. வழக்குத் தாளைச் சேர்ப்பிக்க மேலும் 4 மாதம். அதற்குள் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பிறகு யாராவது ஜெயித்தால் எக்ஸிகியூட்டர் தன் கைக்காசைப் போட நேரலாம். பல சொலிசிட்டர்கள் 10 மாதம் அசையாமல் இருப்பது இதனால்தான். இது சோம்பல் இல்லை.

சித்தப்பா வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும் பென்ஷன் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால், கூடுதலாகக் கொடுத்துவிட்டோமா என்று அரசுத் துறை பழைய வங்கிக் கணக்குகளைக் கேட்கும். அந்தக் கடிதப் போக்குவரத்தும் மாதக்கணக்கில் இழுக்கும்.

‘எப்போது முடியும்?’ என்று கேட்டால் ஒரு வரிப் பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: புரோபேட் கிடைத்த தேதி என்ன? கெஸட் விளம்பரக் கெடு முடிந்ததா? 10 மாதக் காத்திருப்பு எந்தத் தேதியில் முடிகிறது? வரித்துறையின் முடிவுச் சான்று வந்துவிட்டதா? இதுவரை கட்டணம் எவ்வளவு? வீடு விற்ற பணத்துக்கு வட்டி சேருகிறதா? போதிய தொகையை நிறுத்திவைத்துக்கொண்டு ஒரு பகுதியை இப்போதே தர முடியுமா? முதல் கேள்விக்கு அவர்களை நம்பியிருக்க வேண்டியதில்லை. புரோபேட் ஆன உயில் பொது ஆவணம். பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் தேடி, கட்டணம் கட்டி நகல் எடுக்கலாம்.

அதற்கும் மௌனம் என்றால், அதே நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீராவிட்டால் லீகல் ஆம்பட்ஸ்மனிடம் (வழக்கறிஞர் சேவை பற்றிய புகார்களை விசாரிப்பவர்) போகலாம், கட்டணம் இல்லை. வாரிசுகளின் புகாரையும் அங்கே ஏற்பார்கள். புகார் என்ற சொல்லைக் கடிதத்திலேயே தெளிவாக எழுதுங்கள். வெறும் நினைவூட்டல் மெயிலுக்கு அந்த 8 வாரக் கணக்கு ஓடாது.

கேள்வி: உயிலில் என் பெயர் ‘கே. செல்வி’. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோடு ‘செல்வி முருகன்’. பணம் வாங்குவதில் சிக்கல் வருமா?
- வாசகி, திருச்சி

பதில்: வரும், தமிழ் இனிஷியல் பிரிட்டனில் உள்ளவர்களுக்குப் புரிவதில்லை. ‘கே’ உங்கள் அப்பா பெயரின் முதலெழுத்து என்பதற்குப் பிறப்புச் சான்றோ பள்ளி டி.சி.யோ, கணவர் பெயருக்குத் திருமணச் சான்று, இரண்டும் ஒரே நபர்தான் என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட அஃபிடவிட் - இவற்றைத் தயாராக வையுங்கள். உள்ளூர் நோட்டரி முத்திரை போதுமா, அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்று) வேண்டுமா என்று முதலில் மெயிலில் கேட்டுவிட்டு கூரியர் அனுப்புங்கள். தவறான சான்றொப்பம் போனால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.

வங்கிப் படிவத்தில் ஐபான் எண் (பல நாடுகளில் உள்ள சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கேட்பார்கள். இந்தியாவில் அது கிடையாது. கணக்கு எண்ணும், வெளிநாட்டுப் பணம் வர வங்கிக்கு உள்ள ஸ்விஃப்ட் குறியீடும் கொடுங்கள். ஐஎஃப்எஸ்சி அதற்கு ஈடாகாது. உங்கள் கிளைக்கு ஸ்விஃப்ட் இல்லையென்றால், வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் குறியீட்டை மேனேஜரிடம் வாங்குங்கள். இந்த விவரங்களை அனுப்பியபின் சொலிசிட்டர் அலுவலகத்துக்குப் போன் செய்து எண்களை வாய்விட்டுச் சரிபாருங்கள், மெயிலைத் திருடிக் கணக்கு எண்ணை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கு வரி இல்லை, எஸ்டேட் டியூட்டி என்ற பழைய வாரிசு வரி 1985-லேயே போய்விட்டது. ஆனால் சொத்து நிர்வாகத்தில் இருந்த காலத்தில் சேர்ந்த வட்டி, வாடகையை சொலிசிட்டர் ஆர்185 என்ற பிரிட்டிஷ் வரிப் படிவத்தில் தனியாகக் காட்டுவார். அதை உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள்.

கேள்வி: பிரிட்டனில் தூரத்து உறவினர் எனக்கு 20 லட்சம் பவுண்டு விட்டுச் சென்றதாகக் கடிதம். விடுவிப்புக் கட்டணம் 1,500 பவுண்டு அனுப்பச் சொல்கிறார்கள்.
- வாசகர், சேலம்

பதில்: மோசடி. அனுப்பாதீர்கள். உண்மையான சொலிசிட்டர் தன் கட்டணத்தைச் சொத்திலிருந்தே எடுத்துக்கொள்வார். நிறுவனப் பெயர் நிஜமாகவே இருக்கலாம், பெயரைத் திருடுவதும் இவர்கள் வழக்கம். எஸ்ஆர்ஏ (சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) இணையப் பதிவேட்டில் அந்த நிறுவனத்தைத் தேடி, அங்கே உள்ள எண்ணுக்குப் பேசுங்கள், கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல.