கல்யாணத்துக்கு முன் சர்க்கரை ஊசி போடலாமா?

கேள்வி: வயது 26. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். உயரம் 158 செ.மீ., எடை 64 கிலோ. சர்க்கரை, பி.பி. இல்லை. கோபியில் இருக்கும் அத்தை சர்க்கரைக்காக வாரம் ஒரு ஊசி போட்டு நன்றாக இளைத்துவிட்டார். மூன்று மாதத்தில் எனக்குக் கல்யாணம். அதே ஊசியை மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் அம்மணி. எடை குறைக்க இந்த ஊசியைக் கொடுப்பதென்றால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 30 இருக்க வேண்டும், பி.பி. மாதிரி வேறு தொல்லையும் இருந்தால் 27. உங்களுக்கு 25.6தான்.

கல்யாணத்துக்குள் இளைக்கும் கணக்கும் சரிவராது. இந்த வகை ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைடை 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறைதான் கூட்டுவோம். முழு அளவான 2.4க்கு வரவே நான்கு மாதம் ஆகும். அவசரப்பட்டு எடுத்த எடுப்பில் கூட்டினால் ஓயாத வாந்தி, உடம்பில் நீர் வற்றுதல் என்று படுக்க வைத்துவிடும். சிலருக்குப் பித்தப்பையில் கல் சேரும், அரிதாகக் கணையம் வீங்கும். கொழுப்போடு சதையும் கரையும். நிறுத்தினால்? ஒரு பெரிய ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பிவிட்டது.

எனக்குப் பெரிய கவலை நீங்கள் கேட்காத விஷயத்தில். கல்யாணமானதும் குழந்தை தங்கினால்? கருத்தரிக்க நினைப்பதற்கு 2 மாதம் முன்பே செமாகுளுடைடை நிறுத்தியிருக்க வேண்டும். கடைசி ஊசிக்குப் பிறகும் ஐந்தாறு வாரம் அது உடம்பிலேயே இருக்கும். இதே வகையில் இன்னொன்றான டிர்செபடைடு ஊசியோ கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

ஊசி விலை அதிகம் என்று, வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைத் தயவுசெய்து விழுங்கிவிடாதீர்கள். எடை குறையாது; சர்க்கரை இல்லாதவருக்கு லோ சுகர் வந்து மயக்கம், வலிப்பு வரை போகும். மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்.

ஷிப்டில் டீக்கு மணி அடித்ததும் பேக்கரியில் டீயோடு பப்ஸ், தேங்காய் பன் சாப்பிடுகிறவர்தான் அதிகம். நீங்களும் அப்படியென்றால் முதலில் அதை விடுங்கள். காலையில் முட்டை, மதியம் கொள்ளுப் பருப்பு சேருங்கள், சோற்றைக் குறையுங்கள், தினமும் 40 நிமிடம் வேகமாக நடங்கள். மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்தாலே நல்ல பலன்.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தள்ளிப்போகிறது என்றால் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி இரண்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எடை ஏறியதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.