'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலில் சைமன் சாவுக்கு ஜாக் மட்டும்தான் காரணமா?

கல்லூரியில் இந்த நாவல் எனக்குப் பாடமாக இருந்தது. "ரால்ஃப் ஜனநாயகம், ஜாக் சர்வாதிகாரம்" என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பல வருடம் கழித்து மறுபடி படித்தபோது அந்தப் பதில் உறுத்தியது. சைமன் சாகும் இரவில் ரால்ஃபும் அங்கேதான் இருக்கிறான்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் விமானம் விழுந்து, பெரியவர்கள் யாருமில்லாத தீவில் பிரிட்டிஷ் சிறுவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 1954இல் வெளிவந்த இந்த நாவலை எழுதிய வில்லியம் கோல்டிங் பள்ளி ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். சங்கை ஊதி எல்லோரையும் கூட்டிய ரால்ஃபைப் பையன்கள் கைதூக்கித் தலைவனாக்குகிறார்கள். தோற்ற ஜாக்கின் பாடகர் குழு வேட்டைக் குழுவாகிறது. பிறகு அவன் பிரிந்துபோய்ப் பன்றிக்கறி விருந்து வைக்கிறான். ரால்ஃபும் அவன் நண்பன் பிக்கியும்கூட அங்கே போய்ச் சாப்பிடுகிறார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் யார் தலைவன் என்று வாக்குவாதம். இடி இடிக்கிறது, தூறல் விழுகிறது. மழை வரப்போகிறதே, உன் குடிசைகள் எங்கே என்று ரால்ஃப் கேட்கிறான். மிகச் சாதாரணமான, நியாயமான கேள்வி. ஜாக்கிடம் பதில் இல்லை. பையன்கள் வானத்தைப் பார்த்துத் தவிக்கிறார்கள். உடனே ஜாக் மணலில் குதித்து, நம் ஆட்டத்தை ஆடுங்கள் என்று கத்துகிறான். பன்றி வேட்டையை நடித்து வட்டமாக ஆடும் நடனம் அது. எனக்கு இந்த நாவலின் உயிரே இந்த இடம்தான். போட்டித் தலைவனின் கேள்விக்குப் பதில் இல்லாதபோது அந்த இடத்தில் ஆட்டம் வருகிறது. பயந்த பிள்ளைகளுக்குக் கூரைக்குப் பதில் ஒரு வட்டம் கிடைக்கிறது.

அந்த வட்டத்துக்கு நடுவில் முதலில் ரோஜர் பன்றியாக நடிக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவனும் வேட்டைக்காரனாகிவிட, நடு இடம் காலியாகிறது. காட்டிலிருந்து சைமன் தவழ்ந்து வருவது அப்போதுதான். மலைமேல் இருப்பது பையன்கள் பயந்து நடுங்கும் மிருகம் இல்லை, பாராசூட்டோடு விழுந்து செத்த ஒரு மனிதன் என்று சொல்லத்தான் வருகிறான். யார் காதிலும் விழவில்லை. அடித்தும் கடித்தும் கொல்கிறார்கள். ஜாக் 'இவனைக் கொல்லுங்கள்' என்று ஆணையிடவே இல்லை.

ஆட்டத்தைத் தொடங்கிய குற்றம் ஜாக்குடையது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இடிக்குப் பயந்து ரால்ஃபும் பிக்கியும்கூட அந்தக் கூட்டத்தில் ஓர் இடம் தேடிக்கொள்கிறார்கள். இதற்கு முன்பே, ராபர்ட்டைப் பன்றியாக்கி விளையாடிய நாளில், அவனைக் கிள்ள முண்டியடித்தவர்களில் ரால்ஃபும் ஒருவன்.

மறுநாள், மிருகம்தான் மாறுவேடத்தில் வந்தது என்று ஜாக் தன் ஆட்களை நம்பவைக்கிறான். சரி, அவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? என்னை உலுக்கியது ரால்ஃபின் பக்கம் நடப்பது. அது ஒரு விபத்து, நாம் ஓரமாகத்தான் இருந்தோம் என்கிறான் பிக்கி. நாங்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டோம் என்கிறார்கள் அவர்களோடு இருக்கும் இரட்டைச் சகோதரர்கள். ரால்ஃப் மட்டும், அது கொலை என்று வாய்விட்டுச் சொல்கிறான். சொல்லிவிட்டு, தன்னைத் தலைவனாக்கிய அந்தச் சங்கை அணைத்தபடி முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கிறான்.