காட்டுயிர்ப் படத்துக்குள் மனிதர்கள் வரலாமா?

தாராளமாக வரலாம். மனிதரும் விலங்கும் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்வதைக் காட்டும் படங்கள் தனி வகையாகவே இருக்கின்றன. பறவையை மட்டும் நெருக்கமாக எடுப்பது பாஸ்போர்ட் போட்டோ மாதிரி, முகம் மட்டும்தான் தெரியும். இது கல்யாண வீட்டுப் போட்டோ. பின்னால் பந்தி நடப்பதும் தெரியும்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். கீழே எச்சம் கொட்டும், நாற்றமும் உண்டு. ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடியும் போடுவதில்லை. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸில் கூட்டை மட்டும் பிடித்தால் பின்னணி மங்கிப்போய், ஏதோ ஆளில்லாத காடு என்றே தோன்றும். அகலக் கோண லென்ஸ் போட்டால் கூட்டுக்குக் கீழே கொடியில் காயும் சேலையும் படத்துக்குள் வந்துவிடும். என்னைக் கேட்டால் அந்தச் சேலைதான் படமே.

அப்புறம், யானைக்குப் பக்கத்தில் போய் செல்ஃபி எடுப்பதையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது இதில் சேராது. இங்கே படமெடுப்பவர் விலகி நிற்க வேண்டும், விலங்கு அவரைச் சட்டை பண்ணாமல் தன் வேலையைப் பார்க்க வேண்டும்.