தவணை, ரசீது, நாமினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு லட்சம் கடன் தேவை. வங்கியில் 14% வட்டி என்கிறார்கள். ஒரு ஃபைனான்ஸ் நிறுவனம் 12% தான் கேட்கிறது. இரண்டு வருடத் தவணை. ஃபைனான்ஸில் வாங்குவதுதானே லாபம்?

பதில்: அந்த 12% 'ஃப்ளாட்' வட்டியா, 'ரெட்யூசிங்' வட்டியா என்று முதலில் கேளுங்கள். ஃப்ளாட் என்றால், நீங்கள் பாதி அசலைக் கட்டி முடித்த பிறகும் முழு லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். இரண்டு வருடத்துக்கு வட்டி 24,000 ரூபாய், மாதத் தவணை சுமார் 5,167. வங்கியின் 14% ரெட்யூசிங்கில், மீதமிருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. தவணை சுமார் 4,801, மொத்த வட்டி 15,230 ரூபாய் அளவில் நின்றுவிடும். ஃப்ளாட் 12% என்பதை ரெட்யூசிங் கணக்குக்கு மாற்றினால் 21.6% பக்கம் வருகிறது. குறைவாகத் தெரியும் எண்தான் இங்கே ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்குகிறது.

இதற்காகவே ரிசர்வ் வங்கி, 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' (கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாள்) கொடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் 'ஏபிஆர்' என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டி, பிராசஸிங் கட்டணம், கடனோடு சேர்த்துத் தலையில் கட்டும் இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் அதற்குள் அடக்கம். இரண்டு இடத்திலும் அந்தத் தாளை வாங்கி ஏபிஆரை மட்டும் ஒப்பிடுங்கள். அதில் எழுதாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. தாளைத் தரத் தயங்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: வாஷிங் மெஷின் வாங்கி இருபது நாளில் மோட்டார் நின்றுவிட்டது. ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் அதைக் காட்டிக் கையை விரிக்கிறார்.

பதில்: பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே வரையறுத்திருக்கிறது. (நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கு இந்தப் பிடி கிடையாது. அங்கே கடைக்காரர் வைத்ததுதான் விதி.) உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதைத் தொலைபேசியிலேயே கரைத்துவிடாதீர்கள்.

இன்றே மெஷினின் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள், ஓடாமல் நிற்பதை வீடியோ எடுங்கள். சர்வீஸ் சென்டரில் புகார் எண் வாங்குங்கள். பிறகு கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரே கடிதம்: ரசீது எண், வாங்கிய தேதி, பழுது என்ன, உங்களுக்கு வேண்டியது மாற்று மெஷினா, பணமா, பதிலுக்கு 15 நாள் கெடு. மின்னஞ்சலில் ஒன்று, ஸ்பீட் போஸ்டில் ஒன்று.

பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்கின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம்.

வழக்கு எங்கே பலவீனமாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடையை மட்டும் சேர்த்து, தயாரிப்பாளரை விட்டுவிடுவது ஒன்று. மெக்கானிக் நீட்டும் தாளில் 'வேலை திருப்தி' என்ற இடத்தில் படிக்காமல் கையெழுத்திடுவது இன்னொன்று. தெர்மல் தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும், இப்போதே நகல் எடுத்து வையுங்கள்.

கேள்வி: அப்பா வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போடப் போனார். கையில் கிடைத்தது ஆயுள் காப்பீட்டு பாலிசி. பத்திரம் வந்து மூன்று வாரம் ஆகிறது.

பதில்: அவசரம். பாலிசி பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 'ஃப்ரீ லுக்' முறையில் ரத்து செய்யலாம். அதுவரையான காப்புக்குரிய சிறு தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதி திரும்ப வரும். கடிதத்தை வங்கிக் கிளையோடு நிறுத்தாமல் நேரே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 'ஃப்ரீ லுக் ரத்து' என்றே எழுதுங்கள். 'சரண்டர்' (பாலிசியைப் பாதியில் ஒப்படைப்பது) என்று எழுதிவிட்டால் அது வேறு கணக்கு, கட்டியதில் பெரும் பகுதி போய்விடலாம். 'அடுத்த வாரம் மேனேஜர் வருவார்' என்ற பேச்சுக்காகக் காத்திருக்காதீர்கள், கெடு அதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: மைத்துனரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்கள். சும்மா பெயருக்குத்தானாம்.

பதில்: பெயருக்கு ஜாமீன் என்று சட்டத்தில் ஒன்று இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கு. அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதும் இல்லை. முழுத் தொகையை உங்கள் வீட்டுப் பணத்திலிருந்து கட்ட முடியும், கட்டவும் மனம் இருக்கிறது என்றால் மட்டும் போடுங்கள்.

கேள்வி: ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை. கணக்கிலிருந்து 38,000 ரூபாய் போய்விட்டதாக எஸ்எம்எஸ் வருகிறது.

பதில்: வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் உடனே சொல்லுங்கள், புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டப் பொறுப்பே கிடையாது. நாலிலிருந்து ஏழு வேலை நாள் ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். புகார் தந்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தவறு உங்களுடையது என்று நிரூபிப்பது வங்கியின் வேலை. 30 நாளில் பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். ஒருவேளை ஓடிபி சொல்லியிருந்தாலும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், நீங்கள் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

கேள்வி: கணக்கு வழக்கெல்லாம் கணவர்தான் பார்க்கிறார். 'உன்னைத்தான் நாமினியா போட்டிருக்கேன்' என்கிறார். அது போதுமா?

பதில்: போதாது. அவர் உயிரோடு மருத்துவமனையில் கிடக்கும்போது, நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. அதற்குக் கூட்டுக் கணக்கு வேண்டும், அதிலும் இருவரில் யாரும் எடுக்கக்கூடிய 'ஐதர் ஆர் சர்வைவர்' முறை. 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று இருந்தால் முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை இரண்டாமவர் எடுக்க முடியாது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள்.

அவருக்குப் பிறகும், வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே. உரிமை யாருக்கு என்பதை உயிலும், உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டமும்தான் சொல்லும். உங்களுக்கே சேர வேண்டும் என்று அவர் நினைத்தால் உயில் எழுதட்டும்.

ஒரு தாளில் இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள்: கணக்குகள், கடன்கள், எந்தத் தேதியில் எந்தத் தவணை தானாகப் பிடிக்கப்படுகிறது, பாலிசிகள், லாக்கர். ரகசிய எண்களை எழுத வேண்டாம். எழுதும்போது பிஎஃப் கணக்கையும் பாருங்கள். திருமணத்துக்கு முன் பெற்றோர் பெயரில் கொடுத்த பிஎஃப் நாமினேஷன், திருமணம் ஆனதும் செல்லாது. பல வருடம் வேலை செய்தவர்கள்கூட அதைப் புதுப்பிக்காமலே இருக்கிறார்கள்.