மலையில்லா ஊர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளில் ஆறு, வாய்க்கால், வயல் தவிர வேறெதுவும் வருவதில்லையே என்று நினைப்பேன். சென்ற மாதம் தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை பஸ்ஸில் போனபோது காரணம் புரிந்தது. வழிநெடுக நான் பார்த்த ஒரே ஏற்றம் ரயில்வே மேம்பாலம். எங்கள் ஊரில் பால் வாங்கப் போகிறவன்கூட அதைவிட அதிகம் ஏறி இறங்குவான். தெரியாமல்தான் கேட்கிறேன், உயரமான இடம் என்று எதைக் காட்டுவீர்கள்?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

வம்புக்கு இழுப்பதென்று முடிவு செய்துவிட்டீர்கள், சரி. வேதாரண்யத்தோடு திரும்பிவிட்டீர்களே, இன்னும் கொஞ்சம் தெற்கே போயிருந்தால் கோடியக்கரைக் காட்டுக்குள் ராமர் பாதத்தைப் பார்த்திருக்கலாம். அந்தப் பகுதிக்கே அதுதான் சிகரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர். ஸ்வெட்டர் தேவைப்படாது. போதாதென்றால் சுவாமிமலை இருக்கிறது. முருகனுக்கு மலை வேண்டும், எங்களிடம் இல்லை, அதற்காக அவரைக் கோத்தகிரிக்கா அனுப்ப முடியும்? கட்டிவிட்டோம். தமிழ் வருஷத்துக்கு ஒன்றாக 60 படி.

அப்புறம், உயரத்தைப் பற்றி நீங்கள் ரொம்பப் பேசக்கூடாது. தொட்டபெட்டா 2637 மீட்டர், ஆனைமுடி 2695, அது மூணாறுக்காரர்கள் வசம். வித்தியாசம் வெறும் 58 மீட்டர். கல்லே கிடைக்காத ஊரில், வெளியிலிருந்து கல் கொண்டுவந்து 1010-இல் கட்டி முடித்த பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி, அதாவது 66 மீட்டர் வரும். அதைத் தூக்கித் தொட்டபெட்டா உச்சியில் வைத்தால் கேரளாவை ஜெயித்துவிடலாம். கேட்டுப் பாருங்கள், கொடுப்போமா என்பது வேறு விஷயம்.

ஆனால் எங்கள் ஊர் தட்டை என்று பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டிப் பரம்படிக்கும்போது வந்து பாருங்கள். தண்ணீருக்கு மேலே எங்கே மண் தலைகாட்டுகிறது, எந்த மூலையில் ஆழம் நிற்கிறது என்று பார்த்து, மேட்டு மண்ணை இழுத்துப் பள்ளத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நாலு விரற்கடை பிசகினால் மேட்டில் களை மண்டும், பள்ளத்தில் நட்ட நாற்று அழுகும். ஐப்பசி கார்த்திகையில் இதே கணக்கு ஊர் முழுவதற்கும் வரும். வயலைவிட வடிகால் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, வடிகாலைவிடக் கடல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதில்தான் கடைமடைக்காரனின் வருஷமே இருக்கிறது. அமாவாசையை ஒட்டி மழை பிடித்துக்கொண்டால் கடல் ஏறி நிற்கும், வடிகிற தண்ணீரை வாங்காது, பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். உங்கள் ஊரில் பெய்கிற மழைக்கு எந்தப் பக்கம் போவதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்கள் ஊரில் அதற்கு மடையைத் திறப்பதா அடைப்பதா என்று மண்வெட்டியோடு கூடிச் சண்டை போடுவோம், நடு ராத்திரியில்கூட.

இன்னொன்று. கோத்தகிரியில் பெய்வது மாயாற்றிலும் பவானியிலும் இறங்கி, கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து எங்களிடம்தான் வருகிறது, காலங்காலமாக மண்ணையும் சேர்த்துக்கொண்டு. அப்படி வந்து படிந்த வண்டலில்தான் நாங்கள் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறோம். இடையில் பவானிசாகரில் அணையைக் கட்டி மண்ணை மறித்துவிட்டார்கள், இல்லாவிட்டால் மிச்ச மலையும் மெதுவாக வந்து சேர்ந்திருக்கும்.