இரண்டு ரிப்போர்ட், ஒரே வயல்

மண் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் கட்டுரையாளர், வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஒரே வயலின் மண்ணை இரண்டு பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்பினேன் அம்மா. ஒன்றில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 'குறைவு', இன்னொன்றில் 'போதுமானது'. மண்ணின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவும் கொஞ்சம் மாறுகிறது. யாரை நம்புவது?

இரண்டு பேருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். மண்ணில் இருக்கும் மணிச்சத்து முழுவதையும் இந்தச் சோதனை அளப்பதில்லை. பயிருக்குக் கிடைக்கக்கூடிய பங்கை ஒரு கரைசலால் பிரித்தெடுத்துப் பார்க்கிறோம். கரைசல் மாறினால் எண்ணும் மாறும். 1945-இல் வந்த பிரே முறை அமில மண்ணுக்கு ஏற்றது. 1954-இல் வந்த ஓல்சன் முறையில் சோடியம் பைகார்பனேட் பயன்படும். சுண்ணாம்பு உள்ள கார மண்ணுக்கு அதுதான் சரி. அந்த மண்ணைக் கொண்டுபோய் பிரே கரைசலில் போட்டால், கரைசலில் உள்ள அமிலத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடும். மணிச்சத்து உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முறையின் பெயரைத் தேடுங்கள். அச்சடிக்கவில்லையா, கேளுங்கள். பி.எச்.-உம் அப்படித்தான்: ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தார்களா, இரண்டரை பங்கு சேர்த்தார்களா என்பதைப் பொறுத்துச் சற்று மாறும்.

அது இருக்கட்டும், எனக்கு வேறொரு சந்தேகம். இரண்டு பைகளிலும் போனது ஒரே மண்தானா? ஒரு ஹெக்டேரின் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 20 லட்சம் கிலோ எடை இருக்கும். கூடத்தில் ஒரு சோதனைக்கு எடுப்பதோ சில கிராம். அந்தச் சில கிராம் வயல் முழுவதற்கும் சாட்சி சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பக்கத்து வரப்போரம் ஒரு கை அள்ளி எடுத்துப் போனால், அது வரப்பைப் பற்றி மட்டும்தான் பேசும்.

வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் எடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, குழியின் ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்துக்குச் சீவுங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒல்லியாகவும் சீவினால் மேல்மண்ணின் சத்து கூடுதலாகக் காட்டும். மர நிழல், எருக் குவித்த இடம், தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எடுத்ததையெல்லாம் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கை ஒதுக்கி, அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்துங்கள். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம். ரிப்போர்ட்டில் துத்தநாகம் தாராளமாக இருப்பதாக வரும். பழைய உரச் சாக்கில் மண்ணைக் கட்டிக்கொண்டு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாக்கைத்தான் நாங்கள் பரிசோதித்திருப்போம்!

கேள்வி: என் மண்ணின் பி.எச். 8.2. ஜிப்சம் போட்டால் இறங்கும் என்கிறார்கள். எவ்வளவு போடலாம்?

போடுவதற்கு முன் சோடியம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஜிப்சத்தின் வேலை, களர் மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தை (கால்சியத்தை) உட்கார வைப்பது. தள்ளப்பட்ட சோடியத்தை அடித்துக்கொண்டு போகத் தண்ணீரும் வடிகாலும் இருக்க வேண்டும். சோடியம் அதிகமில்லாமல் சுண்ணாம்பால் மட்டும் 8.2 வந்திருந்தால் ஜிப்சம் எதையும் இறக்காது. கந்தகம் போட்டால் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கும். உள்ளே கிடக்கும் சுண்ணாம்பு அந்த அமிலத்தையும் விழுங்கிவிடும். இந்த மண்ணோடு சண்டை போடாதீர்கள் என்பதே என் கருத்து. காரத்தைத் தாங்கும் பயிராகப் பார்த்து வையுங்கள். இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றபடி வெளுத்தால், இரும்புச் சத்தை இலைவழி கொடுங்கள்.

கேள்வி: இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கையடக்க மீட்டர் வாங்கினேன். எங்கே குத்தினாலும் 7 காட்டுகிறது.

காட்டும். இந்த வகை மீட்டர்கள் பெரும்பாலும் இரு வேறு உலோகங்களுக்கு இடையே உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் பி.எச். என்று படிக்கின்றன. ஈரம், உப்பு, கம்பியின் அழுக்கு எல்லாமே அதை அசைக்கும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோட்டக்காரர்களும் விவசாயிகளுமாகச் சிலர் சேர்ந்து குழு நடத்துகிறோம். மண் வளம் பற்றி ஒரு வகுப்பு வைக்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வேண்டுகோள்: திரையில் படம் காட்டிப் பேசும் ஆளைக் கூப்பிடாதீர்கள். டிசம்பர் 5, உலக மண் தினம் வந்தால் இப்படிக் கூட்டங்கள் நிறைய நடக்கும். கைதட்டிவிட்டு எழுந்து போவார்கள், ஒருவர் கையிலும் மண் ஒட்டியிருக்காது.

மண்வெட்டியோடு கூடுங்கள். உழுத இடத்திலிருந்து ஒரு கட்டி, பல காலம் புல் மூடிக் கிடந்த ஓரத்திலிருந்து ஒரு கட்டி. இரண்டையும் காயவைத்து, வலையில் வைத்துத் தண்ணீரில் இறக்குங்கள். ஒன்று பொலபொலவென்று கரையும், மற்றது பெரும்பாலும் அப்படியே நிற்கும். அங்ககப் பொருளும் வேரும் பூஞ்சையும் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். அப்புறம் கண்ணாடிக் குடுவையில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் ரிப்போர்ட்டைக் கொண்டுவரட்டும். கூடத்தில் ரிப்போர்ட்டை வாங்கிய பலர் கடைசி வரியில் உள்ள உரப் பரிந்துரையை மட்டும் படித்துவிட்டு மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்து வயல்களின் ரிப்போர்ட்டை அருகருகே வைத்தால்தான், 'உனக்கு மட்டும் ஏன் அங்ககக் கரிமம் அதிகமாக இருக்கிறது?' என்ற கேள்வி எழும். பதிலும் அங்கேயே ஒருவரிடம் இருக்கும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 'மண் மருத்துவர்கள்' திட்டமும் விவசாயிக்கு விவசாயி கற்றுக்கொடுப்பதை நம்பித்தான் நடக்கிறது.

பழைய கட்டடம் இடித்த இடத்திலோ பரபரப்பான சாலையோரத்திலோ தோட்டம் போட்டிருப்பவர் குழுவில் இருந்தால், ஈயத்துக்குத் தனியாகச் சோதனை கேட்கச் சொல்லுங்கள். பழைய பெயின்ட்டிலும் அந்நாளைய பெட்ரோலிலும் இருந்த ஈயம் மண்ணைவிட்டுப் போகாது. வழக்கமான சத்துப் பரிசோதனையில் அது வராது.

கேள்வி: தொட்டி மண்ணுக்கும் பரிசோதனை வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மேலே வெள்ளையாக உப்புப் படிந்தால் அடித்துளை வழியே வடியும்படி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் கலவையை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நேற்றுதான் உரம் போட்டேன். இந்த வாரம் மண் எடுத்து அனுப்பலாமா?

வேண்டாம். அறுவடை முடியட்டும்.