ஆட்டக்காரர் முறைத்துக்கொண்டால் விளையாட்டில் பழுதா?

கேள்வி: ஐயா, கால்பந்து கிளப் ஒன்றின் மேலாளராக இருந்து அணியை நடத்தும் 'ஃபுட்பால் மேனேஜர் 2024' என்ற கணினி விளையாட்டைச் சில மாதங்களாக ஆடிவருகிறேன். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த 33 வயது ஆட்டக்காரர் ஒருவரை நல்ல விலைக்கு விற்றேன். உடனே அணியில் பாதிப் பேர் என்னை முறைத்துக்கொண்டார்கள்; தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் தோற்றேன்; கடைசியில் வேலையும் போயிற்று. ஆடாத ஒருவரை விற்றதற்கு இவ்வளவா? இது உண்மைக்கு ஒத்ததா, அல்லது நான் வாங்கிய பொருளில் கோளாறா?
— வாசகர், சின்னத்துறை

பதில்: கோளாறு இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளே அதுதான். ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, சேகா வெளியிடும் இந்த விளையாட்டு, கோல் போடுவதைவிட ஆட்களைக் கட்டி மேய்ப்பதையே மையமாகக் கொண்டது. 1992-இல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் முதலில் வந்தபோது அது பெரும்பாலும் எண்களும் எழுத்துகளுமாகத்தான் இருந்தது. ஆட்டக்காரர்களின் திறன்கள் 1 முதல் 20 வரையான எண்களாகத் திரையில் தெரியும். ஆனால் தொழில் ஒழுக்கம், முன்னேறும் வேட்கை, முக்கிய ஆட்டங்களில் நிலைகுலையாமை, அடிக்கடி காயப்படும் உடல்வாகு போன்ற சில குணங்கள் எண்ணாகக் காட்டப்படாமல் உள்ளே மறைந்திருக்கும். பயிற்சியாளர்களின் அறிக்கையிலிருந்தும் ஆளின் நடத்தையிலிருந்தும்தான் அவற்றை ஊகிக்க வேண்டும்.

உங்களைக் கவிழ்த்தது 2018 பதிப்பில் சேர்க்கப்பட்ட அணி உறவுகள் என்ற பகுதி. அதில் அணிக்குள் யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்ற ஏணி ஒன்றும், யார் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற குழுப் பட்டியலும் உண்டு. நீங்கள் விற்ற ஆளின் கால் ஓய்ந்திருக்கலாம், வாய் ஓயவில்லை. அந்த ஏணியின் மேல்படியில் அவர் இருந்திருப்பார். விற்பதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால், விற்பனையை ஆட்டப் பருவத்தின் இறுதிவரை தள்ளிவைத்திருப்பீர்கள். அல்லது அவருக்கு அடுத்த படியில் இருந்தவரைத் தலைவராக்கிய பின்பு விற்றிருப்பீர்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். ஓர் இந்திய கிளப்பை எடுத்து ஆடியபோது, 19 வயது இடப்புற ஆட்டக்காரன் ஒருவன் ஒப்பந்தப் பேச்சில் அடிக்கடி களமிறக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தான். கையெழுத்து வாங்கும் அவசரத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். பிறகு அதே இடத்துக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தேன். எட்டாவது வாரம் பையன் என் அறைக்கு வந்து, கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கேட்டான். சமாதானம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அணித்தலைவர் அவனுக்குப் பரிந்து பேச வந்து நின்றார். அதற்கடுத்த ஆட்டத்தில் இடப்புறத்தில் ஒரு பந்துகூட உருப்படியாக உள்ளே வரவில்லை. கோபம் வந்தது உண்மை. ஆனால் தவறு என்னுடையதுதானே! நம் கடற்கரை ஊர்களில் ஏழுபேர் ஆட்டப் போட்டிக்கு அணி சேர்த்து, ஒரு பையனைக் கடைசிவரை வெளியே உட்காரவைத்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது.

காயத்தையும் இந்த விளையாட்டு ஓரளவு நியாயமாகவே கையாளுகிறது. இரவிபுத்தன்துறையிலிருந்து இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை சென்ற மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் அந்தப் பருவத்தின் தொடக்க ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு நெடுநாள் ஆட முடியாமல் போனது நம் குமரி மாவட்டத்தில் பலருக்கும் நினைவிருக்கும். அதுபோல ஒரே நொடியில் ஓர் ஆண்டுத் திட்டம் சரிந்துவிடுவது இங்கேயும் நடக்கும். யாருக்குக் காயம் வர வாய்ப்பு அதிகம் என்று மருத்துவப் பிரிவு முன்னெச்சரிக்கை தரும், அதைக் கேட்பதும் கேட்காததும் உங்கள் பொறுப்பு.

உண்மைக்குத் தூரமான இடங்களும் இல்லாமல் இல்லை. பேச்சுவார்த்தைதான் இதன் பலவீனம். செய்தியாளர் கூட்டத்தில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும்; ஆட்டக்காரரிடம் நீங்கள் பேச நினைப்பது ஒன்றாக இருக்கும், திரையில் தரப்படும் நான்கைந்து வாக்கியங்கள் வேறாக இருக்கும். ஊர் ஏக்கம் என்ற குறை ஆட்டக்காரருக்கு வரும். ஆனால் அப்பாவின் படகு கரை சேரவில்லை, அதனால் பயிற்சிக்கு வரவில்லை என்ற காரணம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஆட்டக்காரர்களைப் பற்றிய தரவும் மனிதர்கள் திரட்டுவதே. 2008-இல் எவர்ட்டன் கிளப் இந்தத் தரவுத்தளத்தைத் தன் ஆட்டக்காரர் தேடலுக்குப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொள்ளும் அளவுக்கு அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதே தொடரின் 2001-02 பதிப்பில் டோ மதெய்ரா என்ற, உலகில் எந்தக் களத்திலும் அப்படி ஆடியிராத ஒருவர் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்ததும் உண்டு.

சட்டப்படி பார்த்தால், உயிரோட்டமானது என்று விளம்பரத்தில் புகழ்வது விற்பவரின் தற்புகழ்ச்சி. அதை வைத்து நிவாரணம் கேட்பது கடினம். குறிப்பிட்ட ஒரு லீக் உண்டு என்று எழுதிவிட்டு, வாங்கிப் பார்க்கும்போது அது இல்லையென்றால் நிலைமை வேறு. அது தவறான விளம்பரம் என்ற வகைக்குள் வந்துவிடும்.

கேள்வி: மார்த்தாண்டம் பகுதியில் ஒரு கடையில் 600 ரூபாய் கொடுத்து இந்த விளையாட்டை வாங்கினேன். பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஒருநாள் இரவு, மின்னஞ்சலுக்கு அனுப்பிய குறியீட்டை உள்ளிடும்படி கேட்டது. அந்த மின்னஞ்சல் யாருடையது என்றே எனக்குத் தெரியாது. கடைக்காரர் இப்போது கைவிரிக்கிறார். பில்லும் இல்லை.
— வாசகர், குளச்சல்

பதில்: உங்களுக்கு விற்கப்பட்டது விளையாட்டு அல்ல, ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இன்னொருவர் வைத்திருக்கும் கணக்கின் சாவி. கணக்கை விற்பதையோ பிறருக்கு மாற்றுவதையோ ஸ்டீமின் ஒப்பந்தமே அனுமதிப்பதில்லை. ஆகவே அங்கே முறையிட்டுப் பயனில்லை. உங்கள் வழக்கு கடைக்காரர்மீதுதான். ஒரே கணக்கைப் பத்துப் பேருக்கு விற்பதும் இந்த வியாபாரத்தில் நடப்பதே.

பில் தராமலிருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது. அதனால் பில் இல்லாதது உங்களுக்கு மட்டும் பாதகம் என்று எண்ண வேண்டாம். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், கடையில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலின் படம், அந்தத் துண்டுச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். முதலில் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில், பதினைந்து நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் சின்னக் கடைக்காரர்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். அப்போதும் அசையவில்லை என்றால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்களே, வழக்கறிஞர் இல்லாமலே, மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். 600 ரூபாய்க்காக நாகர்கோவிலுக்கு நாலு முறை பஸ் ஏறுவதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நானாக இருந்தால் ஏறுவேன்.

கேள்வி: புதிய பதிப்பை இப்போதே வாங்கலாமா, விலை குறையக் காத்திருக்கலாமா? என்னிடம் இருப்பது கல்லூரிக்கு வாங்கிய சாதாரண மடிக்கணினி.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: 2025 பதிப்பு வரவே இல்லை, 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டுவிட்டதாக நிறுவனமே அறிவித்து, முன்பதிவுத் தொகையைத் திருப்பித் தந்தது. அதன்பின் 2025 நவம்பர் 4 அன்று 2026 பதிப்பு, யூனிட்டி என்ற புதிய மென்பொருள் அடித்தளத்தில் வெளிவந்தது. மகளிர் கால்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பந்து நம்மிடம் இருக்கும்போது ஓர் அணி அமைப்பும், எதிரணியிடம் இருக்கும்போது வேறோர் அமைப்பும் வகுக்கலாம். ஆனால் திரை அமைப்பு குழப்பமாக இருப்பதாகவும் பிழைகள் மலிந்திருப்பதாகவும் வெளியான வேளையில் வாங்கியவர்கள் வெகுவாகக் குறைபட்டுக்கொண்டார்கள். ஆகவே, அவசரம் இல்லையென்றால் அண்மைய விமர்சனங்களைப் படித்துவிட்டுத் தள்ளுபடிக் காலத்தில் வாங்குவதே என் யோசனை.

உங்கள் கணினி தாங்குமா என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இதில் ஒரு சூட்சுமம்: விளையாட்டு திறந்திருக்கும் நேரம் முழுவதும் கணக்கில் சேரும். லீக்குகளைத் தேர்ந்தெடுத்து, கிளப்பை எடுத்து, அணியைப் பார்த்து முடிப்பதற்குள்ளேயே எனக்கு முக்கால் மணி நேரம் ஓடிப்போனது. சாப்பிடப் போகும்போது மூடிவிட்டுப் போங்கள். தொடங்கும்போது ஒன்றிரண்டு நாடுகளின் லீக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் சாதாரணக் கணினியிலும் நாட்கள் ஓரளவு விரைவாக நகரும்; பத்து நாடுகளை ஏற்றினால் ஒரு வாரத்தை நகர்த்துவதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம்.

கேள்வி: தொலைபேசியில் மட்டும் ஆடினால் போதும் என்பவர்களுக்கு?
— வாசகர், தக்கலை

பதில்: 2024 பதிப்பிலிருந்து இதன் கைப்பேசி வடிவம் நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்கே கிடைக்கிறது, வீட்டில் சந்தா ஏற்கெனவே இருந்தால் தனிச் செலவு இல்லை. அணி உறவுகள் பகுதி அதில் கணினியில் உள்ள அளவுக்கு ஆழமாக இராது. ஆகவே, ஆட்டக்காரரின் முறைப்பைத் தாங்க மனமில்லாதவர்களுக்கு அதுவே பொருத்தம்.